வருஷம் திரும்பாத வீடுகள்

பதுளை
16 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சரசு சித்தி போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார். போனில் சொன்னேன்தான், ஆனால் சொன்ன மாதிரி இல்லை. அந்தப் பக்கம் நீ அழுகிறாய். இந்தப் பக்கம் போஞ்சி மூட்டை இறக்குகிற ஆள் "மொதலாளி, இத எங்க போட?" என்று கத்துகிறான். நான் "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அதனால்தான் கையால் எழுதி, பக்கத்துக் கடை நிஸாமிடம் கொடுத்து ஈமெயிலில் அனுப்பச் சொல்கிறேன். நீயும் எழுதியே அனுப்பு. எனக்குப் போனில் வியாபாரம் மட்டும்தான் பேச வரும்.

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். நல்ல மழை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிற வழியில் உயிர் போய்விட்டது. ஊசிப்பாறைத் தோட்டத்திலேயே, அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பிள்ளை இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மொட்டை போட்டு எல்லாவற்றையும் நானே செய்தேன். அம்மா போன பிறகு நம் இரண்டு பேரையும் ஆளாக்கியது அவர்தானே. வருகிற 27ஆம் திகதி கருமாதி.

பதுளை வீட்டு மேல்மாடியை அவருக்கென்றுதான் கட்டினேன். இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு, பஸ் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பிப் போனார். அவருடைய லயக் காம்பராவில் நீ பட்டம் வாங்கிய படம் மாட்டியிருக்கிறது. அதை நான் கழற்றவில்லை.

வர முடியாமல் போனதை நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. அங்கே வெயில் காலம் தொடங்கியிருக்குமே, தண்ணீர் நிறையக் குடி.

உன் தம்பி
தினேஸ்

அடிலெய்ட்
2 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருமலோடு நடமாடுகிறேன். கருமாதி அன்று இங்கே வாழையிலை கிடைக்கவில்லை, தட்டில்தான் படைத்தேன். சித்தி கோபித்திருக்க மாட்டார். "இருக்குறதுல வையி புள்ள" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாது, ஆனால் நாள் குறைவாக இருக்கிறது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். மார்ச் கடைசிக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். என் வேலையை அளந்து காட்டச் சொல்கிறார்கள். எத்தனை கட்டுரை எழுதினேன், அவற்றை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அளவு. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, 2015இல் நம் பக்கத்துத் தோட்டங்களில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய கட்டுரை. தோட்டப் பிரிவில் டிஸ்பென்சரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயால் ஒரு குடும்பத்துக்கு வருகிற பாரம் ஏறக்குறைய ஒன்றுதான், அரசாங்க ஆஸ்பத்திரி இலவசமாக இருப்பதே போதும் என்று அதில் காட்டினேன். அதற்கு மட்டும் அறுநூற்றுப் பதினெட்டு மேற்கோள். ஆபிரிக்க நாடுகளில்கூட எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தத் தடவை எண்ணிக்கை மட்டும் போதாதாம். ஆராய்ச்சியால் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பக்கத்துச் சாட்சியும் வேண்டுமாம். என் கட்டுரையைக் காட்டித்தானே சின்ன டிஸ்பென்சரிகளை மூடிவிட்டு, நடமாடும் வைத்திய வாகனம் விட்டார்கள்? நம் ஊசிப்பாறைக்கும் அது வருகிறதே. அதனால் மக்களுக்கு நன்மை என்று ஒரு பக்கத்தில் கடிதம் வேண்டும். தோட்டத்துக் கோயில் கமிட்டிக்குத் தலைவர் நீதானே, உன் கையெழுத்துப் போதும்.

சித்தியையும் அந்த வாகனத்தில்தான் கொண்டு போனீர்களா?

அன்புடன் அக்கா
கலாராணி

பதுளை
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். குளிர் மட்டும் எலும்புக்குள் இறங்குகிறது. இருமலுக்கு ஏதாவது குடித்தாயா?

கடிதம் என்ன பெரிய காரியம். நத்தார் வியாபாரம் முடியட்டும், மேலே தோட்டத்துக்குப் போய் ஆட்களோடு பேசிவிட்டு எழுதுகிறேன். பேசாமல் எழுதினால் நாளைக்கே "நாங்க எப்ப சொன்னோம்?" என்று நிற்பார்கள்.

அதற்குள் விளங்காத ஒன்றைக் கேட்கிறேன். உன்னை மேற்கோள் காட்டுகிறவர்கள் நம் தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டா காட்டுகிறார்கள்? ஒருத்தர் உன்னைப் பிழை என்று எழுதினாலும் உன் கணக்கில் ஏறுமா? ஏன் கேட்கிறேன் என்றால், வெலிமடையில் கட்டுகிற உருளைக்கிழங்கு மூட்டை என்னிடம் வரும், இங்கிருந்து தம்புள்ளை போகும், பிறகு கொழும்பு போகும். ஒருவனும் மூட்டை வாயைப் பிரித்துப் பார்ப்பதில்லை. "பதுளை தினேஸ் மூட்டை" என்றால் தூக்கி லொறியில் போட்டுவிடுவான். அந்தப் பெயரைச் சம்பாதிக்க, மூட்டை தூக்கிய காலத்தையும் சேர்த்து, எனக்கு இருபது வருஷம் ஆனது. உள்ளே அழுகல் இருந்தால் அது தெரிவது சமைக்கிறவளுக்குத்தான். உங்கள் தொழிலும் அப்படியா, இல்லை வேறு மாதிரியா?

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் தம்பி
தினேஸ்

அடிலெய்ட்
6 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

புது வருஷத்தில் உன் கடையும் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இருமல் போய்விட்டது.

நீ கேட்டதற்கு அழகான பதில் இல்லை. பிழை என்று எழுதினாலும் கணக்கில் ஏறும். யாரும் நேரில் வந்து பார்ப்பதும் இல்லை. எந்த வீட்டில், எப்படிக் கேட்டோம் என்று கட்டுரையில் எழுதியிருப்போம், அதை நம்புவார்கள். அதனால்தான் வீடுகளைத் தெரிவு செய்வதில் அவ்வளவு கவனமாக இருந்தேன். ஒவ்வொரு லயத்திலும் குறித்த வீட்டில்தான் கேட்க வேண்டும், இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழக்கினேன். கம்சலாவை நினைவிருக்கிறதா? அப்போதுதான் ஏ.எல். பரீட்சை எழுதியிருந்தாள். அவர்களில் அவள்தான் சுட்டி. ஒரு படிவம்கூட வெறுமையாகத் திரும்பி வரவில்லை. பயப்படாதே, என் மூட்டையை நான் பிரித்துப் பார்த்துத்தான் கட்டினேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் பேராசிரியர் ஆகிவிட்டார்கள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. என்னுடையது ஒப்பந்த வேலை. இந்தப் பதவி கிடைத்தால் நிரந்தரம், கிடைக்காவிட்டால் வருகிற டிசம்பரோடு வேலையும் முடிகிறது. அதனால்தான் அந்தக் கடிதத்துக்கு இப்படி அவசரப்படுகிறேன்.

சித்தியை எப்படிக் கொண்டு போனீர்கள் என்று நீ எழுதவே இல்லையே.

அன்புடன் அக்கா
கலாராணி

பதுளை
3 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். சித்தி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. கடை ஆட்களுக்கு மட்டும் உடுப்பு எடுத்துக் கொடுத்தேன். கரட் விலை இறங்கிவிட்டது, நுவரெலியாப் பக்கம் தோண்டாமல் விட்டிருக்கிறார்களாம்.

போன வாரம் மேலே போய் வந்தேன். கம்சலா இப்போது முன்பள்ளி டீச்சர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உன்னைத்தான் திரும்பத் திரும்ப விசாரித்தாள். நீ கொடுத்த பேனையை இன்னும் வைத்திருக்கிறாளாம், மை முடிந்தும் எறியவில்லையாம். சித்தியின் காம்பராவைக் கூட்டி, விளக்கு ஏற்றுவதும் அவள்தான்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அப்புத்தளைப் பக்கம் நம் லொறி ஒன்று ரோட்டோரக் கானுக்குள் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. அப்படியே விட்டுப் போனது. எழுதுகிறேன், கொஞ்சம் பொறு.

உன் தம்பி
தினேஸ்

அடிலெய்ட்
17 பெப்ரவரி 2025

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு பக்கம் எழுத இவ்வளவு நாளா? நீ ஒரு மணித்தியாலத்தில் பத்து லொறியை ஏற்றி அனுப்புகிறவன். கரட் விலை எழுதுகிறாய், பேனை மை எழுதுகிறாய், கேட்டதை எழுதவில்லை. சித்தியைப் பற்றியும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

அங்கே என்ன நடந்தது, தினேஸ்?

அக்கா

பதுளை
24 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் சித்தி. அந்த வாகனம் வரவில்லை. அது ஊசிப்பாறைக்கு வந்ததே ஒரு நாலு மாதம்தான். பிறகு ரோட் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அன்று காலை சித்திக்கு வலி வந்ததும் கம்சலாதான் எனக்குப் போன் பண்ணினாள். உடனே லொறியை அனுப்பினேன். லொறி கடைசி வளைவுக்கு மேல் ஏறாது, அது உனக்கும் தெரியும். கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. நனைய விடக் கூடாது என்று வழியில் இருக்கிற டிஸ்பென்சரி விறாந்தையில் படுக்க வைத்தார்கள். கதவு பூட்டித்தான் கிடந்தது. லொறி வந்து சேர்ந்தபோது சித்தி இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் என்று எழுதியிருந்தேன். அதுவும் வழிதான்.

இரண்டாவது உன் கட்டுரை. குறித்த வீட்டில்தான் கேட்டார்கள், ஒரு படிவமும் வெறுமையாக வரவில்லை என்று நீ பெருமையாக எழுதியிருந்ததைக் கம்சலாவிடம் சொன்னேன், அவள் சந்தோஷப்படட்டும் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குறிச்ச வீட்டுக்குத்தான் போனோம் அண்ணே. வருஷம் திரும்பாத வீடா இருந்தா மட்டும் பக்கத்து வீட்டுல கேட்டு எழுதிட்டோம்."

ஒரு வருஷத்துக்குள் சாவு விழுந்த வீடுகளைச் சொல்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"என்ன ஏன்? எழவு வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு, என்ன வருத்தம் வந்துச்சு, எந்த டாக்டர்ட்ட காட்டுனீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு கேக்க வாய் வருமா? மீரியபெத்த தோட்டத்த மண்ணு சரிஞ்சு மூடி அப்ப ஒரு வருஷம்கூட ஆகல. அங்க புள்ளையப் பறிகொடுத்தவங்க மூஞ்சிக்கு நேரா மைக்க நீட்டுனத டீவில பாத்துட்டு எங்கம்மா காறித் துப்புச்சு. நாங்களும் போய் அப்படி நிக்கவா?"

அக்காவிடம் சொன்னாயா என்றேன்.

"இதெல்லாமா சொல்லணும்? அக்காவும் லயத்துல பொறந்தவங்கதானே. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்."

மற்றப் பிள்ளைகளும் அப்படித்தானாம். யாரும் கூடிப் பேசிச் செய்யவில்லை. அவளைக் குறை சொல்லி எழுதவில்லை, அக்கா. நான் போயிருந்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருப்பேன். நீயும்தான்.

உன் படிப்பு எனக்குத் தெரியாது. தெரியாதவன் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். டிஸ்பென்சரி இல்லாத பிரிவுகளில்தானே அப்போதும் சாவு அதிகம்? அப்படியென்றால் தாண்டிப் போன வீடுகளும் அங்கேதானே அதிகம்? மிஞ்சிய வீடுகளில் மட்டும் கேட்டால் இரண்டு பக்கமும் ஒன்று போலத்தானே தெரியும்? இது சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேண்டும். பிழையாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான்.

கடிதம் பற்றி. பொய் எழுதித் தெரியாதவன் இல்லை நான், வரிக்காரர்களுக்கு வருஷா வருஷம் எழுதுகிறேன். உன் வேலை முக்கியம். எழுது என்றால் எழுதுவேன், அதற்காக உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவும் தெரிந்த பிறகு, நீயே கேட்க வேண்டும்.

உன் தம்பி
தினேஸ்

பதுளை
20 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? பதில் இல்லை. போனையும் எடுக்கிறாய் இல்லை. உன் மருமகள்மார் அத்தைக்கு என்ன என்று என்னைப் பிடுங்குகிறார்கள்.

நீ கேட்கும்வரை எழுத மாட்டேன் என்றேன். எழுதிவிட்டேன். வாகனம் வருகிறது, மக்கள் நன்றியோடு இருக்கிறார்கள் என்று நீ சொன்னபடியே. கையெழுத்துப் போட்டு, கோயில் சீலும் குத்தி, மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். உன் கடைசி நாள் 31ஆம் திகதி. அன்று நிஸாமுக்குப் பெருநாளாக இருக்கும், ஆனாலும் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்து அனுப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். "அனுப்பு" என்று ஒரு சொல் எழுது.

சித்தி இருந்தால் அனுப்பச் சொல்லியிருப்பார். உனக்கு வேலை இல்லாமல் போவதை அவர் தாங்க மாட்டார்.

தினேஸ்

அடிலெய்ட்
12 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன்னைப் பயப்படுத்திவிட்டேன்.

லாச்சிக்குள் இருக்கிறதைக் கிழித்துப் போடு.

அன்று என்னோடு வேலை செய்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துப் பேசினேன். அதற்குத்தான் இத்தனை நாள். சிலர் கொழும்பில், ஒருத்தி லெபனானில், ஒருவன் கட்டாரில். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கட்டாரில் இருக்கிறவன், "வேற எப்படிக்கா செய்யிறது?" என்று என்னையே கேட்டான். நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நீ நினைத்தது சரி. இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரிந்தது அதனால்தான்.

கட்டுரையை மீளப் பெறுகிறேன் என்று அதை வெளியிட்ட சஞ்சிகைக்கு எழுதிவிட்டேன். விண்ணப்பம் கொடுக்கவில்லை. டிசம்பரோடு வேலை முடியும். பக்கத்து அறைக்காரர், இப்படி ஒரு குறிப்பு எழுதித் திருத்தினால் போதுமே, ஏன் முழுவதையும் எடுக்கிறாய் என்றார். அவரிடம் விறாந்தையைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்த விறாந்தையில்தான், எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது, அம்மா கொழுந்து பறிக்கப் போயிருக்க, சித்தி என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. மருந்து வாசனை வந்துகொண்டிருந்தது.

மீளப் பெறுவதாக எழுதிய பிறகும் எட்டுப் பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இனியும் காட்டுவார்கள். மூட்டை என் கையைவிட்டுப் போய்விட்டது, தம்பி.

ஒன்று செய்ய வேண்டும். திரும்பவும் கேட்க வேண்டும், அதே பிரிவுகளில், தாண்டிப் போன வீடுகளையும் சேர்த்து. பல்கலைக்கழகம் இதற்கு உதவாது, என் சேமிப்பில் செய்கிறேன். வீட்டுக்கு ஒரு தொகை கொடுக்கிறேன். அவர்கள் என்ன நிபந்தனை வைத்தாலும் சரி. பேசித் தருவாயா? பேரம் எனக்கு வராது.

அக்கா
கலாராணி

பதுளை
25 மே 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியாமல் வீட்டுக்குக் கொண்டு போய்ப் படித்தேன். நாங்கள் நலம். கிழித்துவிட்டேன்.

பேசினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு பேரம் நான் பார்த்ததில்லை. வீட்டுக்குத் தொகை என்று வாயைத் திறந்ததும், கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். செத்தவர்களுக்கு விலை பேச வந்திருக்கிறான் மொதலாளி என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னார். கம்சலாதான் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கூட்டி வந்தாள். வந்த பெண்களும் எனக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார்கள். பெண்களே இதில் இஷ்டமில்லாமல் இருக்கிறார்கள், விட்டுவிடலாம் என்று எழுந்தேன். அப்போது பாக்கியலெட்சுமி, நீ கேட்டு எழுதிய அந்த வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"அன்னைக்கு எங்க வாசலத் தாண்டித்தான் போனீங்க. மரியாதைக்குப் போனீங்க, தெரியும். ஆனா யாராச்சும் வந்து, என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களான்னுதான் நான் உள்ளுக்குள்ள உக்காந்திருந்தேன்."

கம்சலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேரம் நீளவில்லை.

வேலை இல்லையே என்று யோசிக்காதே. மேல்மாடி சும்மாதான் கிடக்கிறது. பஸ் சத்தம் உனக்குப் பழகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்து சேர்.

பேரத்தில் படிந்தது இதுதான். எந்த வீட்டுக்கும் காசு கிடையாது. நீ கொடுக்கவும் கூடாது, அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். கருமாதிக்கு முன்னால் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. அதற்குப் பிறகு எந்த வீட்டையும் தாண்டக் கூடாது. அந்த வீட்டுச் சாவுக்கு வந்து நின்ற ஒருத்தர் உன் ஆட்களோடு கூடப் போவார். தேத்தண்ணி கொடுத்து முடியும்வரை தாளை வெளியே எடுக்கக் கூடாது. உன் சட்டப்படி தாளில் பெயருக்குப் பதில் நீ எண் போட்டுக்கொள், பெயர் எங்களிடம் இருக்கும். எழுதியதை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் கோயில் வாசலில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், பிழை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஏற்றி இறக்க என் லொறி. கம்சலா எல்லா வீட்டுக்கும் வருவாள், அது அவள் கேட்டது.

முதல் வீடு சித்தியுடையது. நவம்பரில் அதற்கும் வருஷம் திரும்பிவிடும், அதற்கு முன்னால் நீ வர வேண்டும். அங்கே கேட்கப் போவது நீ, பதில் சொல்லப் போவது நான். முடியும்வரை இரண்டு பேரும் எழுந்து போகக் கூடாது.

தினேஸ்